கடைசிப் பந்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை

பேசின் பாலத்தைத் தாண்டி, கால்வாயை ஒட்டித் திரும்பும் முனையில் பேருந்து வழக்கம்போல் வேகத்தைக் குறைத்தது. ஓட்டுநர் ஒலிப்பானை இருமுறை மெல்ல அழுத்தினார். அங்கே நிறுத்தமும் இல்லை, பள்ளமும் இல்லை, குறுக்கே வந்த மாடும் இல்லை. பூட்டிய தகரக் கதவு ஒன்றும் அதன்மேல் கிழிந்து தொங்கிய சுவரொட்டிகளும் மட்டுமே இருந்தன.

"இங்க எதுக்கு சார் ஸ்லோ பண்றீங்க?" என்று முன் இருக்கையிலிருந்த எபிநேசர் கேட்டார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவருடைய வலது முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"நான் எங்க பண்றேன்? காலு பண்ணுது," என்றார் ஓட்டுநர். "இந்த ரூட்ல இருபத்தெட்டு பேரு ஓட்டறோம். அத்தினி பேருக்கும் ஒரே மூலவரு. இந்த முனை வந்தா எல்லாரும் ஆரன் அடிப்போம். ஏன்னு மட்டும் கேக்காதீங்க, எனுக்கே தெரியாது."

மனித உடல், தான் பலமுறை செய்த செயலைத் தனக்குள் படியவைத்துக்கொள்ளும் இயல்புடையது. அவ்வாறு படிந்த பழக்கத்தை ஓர் உடலிலிருந்து எடுத்து மற்றோர் உடலில் பதிக்கும் கருவியே மெய்ப்பதிவி எனப்படும். அது புழக்கத்துக்கு வந்த ஒன்பது ஆண்டுகளில் நகரத்தின் கைகளும் கால்களும் மாறிவிட்டன. நேற்று வேலைக்குச் சேர்ந்த செவிலி, முப்பதாண்டு அனுபவமுடையவரின் விரல்களால் நரம்பைத் தேடிப் பிடித்தார். பரோட்டாக் கல்லின் முன் முதன்முறையாக நின்றவர் மாவை வீசிய வீச்சில், தேர்ந்த மாஸ்டர் ஒருவரின் மணிக்கட்டு தெரிந்தது. பழக்கத்தைக் கொடுப்பவரைச் சட்டம் 'மூலவர்' என்று குறிப்பிட்டது. அதைப் பெற்றுக்கொண்டு தெருத்தெருவாக உலவுபவரை 'உற்சவர்' என்று மக்கள் தாமாகவே அழைக்கத் தொடங்கினர்.

கருவிக்கு வரம்பு ஒன்று உண்டு. அது உடலை அப்படியே எடுக்கும். இது வேண்டும், அது வேண்டாம் என்று பொறுக்கி எடுக்காது. அதனால் எந்தத் தீங்கும் நேர்ந்ததாக யாரும் முறையிட்டதில்லை. எங்கோ ஒரு முனையில் பேருந்து மெதுவாகப் போவது பெருங்குற்றமா என்ன?

எபிநேசர் கால்வாய்க்கரைக் கால்பந்துக் கழகத்தின் பயிற்சியாளர். வயது முப்பத்தேழு. அன்று மாலை ஐந்து மணிக்குள் அவர் ஒரு பெயரை எழுதியாக வேண்டும்.

*

"ரெண்டு கோல்கீப்பர் பேர்தான் எழுத முடியும்," என்றார் கழகச் செயலாளர் லோசனி. மேசைமேல் இருந்த பட்டியலை அவர் விரலால் தட்டினார். "ஒண்ணு பாசில். அதுல பேச்சே இல்ல. ரெண்டாவது யாரு? மறுபடியும் குணாளனா?"

எபிநேசர் உட்காரவில்லை. சன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்தார்.

இன்னும் பதினாறு நாளில் நெய்தல் நகர் அணியுடன் ஆட்டம். தோற்கும் அணி முதல் வகுப்பிலிருந்து இறங்கிவிடும். முதல் வகுப்பு அணிக்கே மைதானம் என்பது ஒப்பந்தம். சரக்கு வானூர்திகளை நிறுத்திவைக்கும் தளம் அமைப்பதற்காக அந்த மைதானத்தை அளந்துபோக இரண்டு முறை ஆட்கள் வந்துவிட்டார்கள். எபிநேசருக்கு இருபத்தொரு வயதில் கால் பதிந்த மண் அது. அதை இழந்த பயிற்சியாளர் என்று பெயர் வாங்க அவர் ஆயத்தமாக இல்லை.

குணாளனுக்கு வயது நாற்பத்தொன்று. பதினேழு ஆண்டுகளாக அவர் அணியின் இரண்டாவது கோல்காப்பாளர். அந்தப் பதினேழு ஆண்டுகளில் போட்டி ஆட்டங்களில் அவர் களத்தில் நின்றது அறுபத்துமூன்று நிமிடம். மீதி நேரமெல்லாம் ஓரத்துப் பெஞ்சு. ஆயினும் அவரிடம் ஒரு கலை இருந்தது. தண்டனை உதை என்று நூல்கள் குறிப்பிடும் பெனால்ட்டியில், உதைப்பவரின் இடுப்பைப் பார்த்தே பந்து போகும் திசையைச் சொல்லிவிடுவார். பாசிலுக்கு அந்தக் கலை கைவரவில்லை. ஆட்டம் சமனாகிப் பெனால்ட்டிக்குப் போனால் இறக்குவதற்கென்றே குணாளன் இத்தனை ஆண்டுகளாக வைக்கப்பட்டிருந்தார்.

"பயிற்சியில இருபதுக்குப் பதினாறு, பதினேழு தடுக்கறாரு," என்றார் லோசனி. "அப்புறம் எதுக்குத் தயங்கறீங்க?"

"அதான் மேடம் கஷ்டம். ஆளு நல்ல கீப்பர். ஆனா முக்கியமான பந்துன்னு வந்தா உட்டுருவாரு. பதினோரு வருஷம் நான் இங்க ஆடினேன். நான் அடிச்ச கடைசி பந்து ஒண்ணக்கூட அவரு புடிச்சதில்ல."

கால்வாய்க்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சி முடியும்போது ஒவ்வொரு தாக்காட்டக்காரரும் கடைசியாக ஒரு பெனால்ட்டி அடிக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று "கடைசி! கடைசி! கடைசி!" என்று மூன்று முறை கத்துவார்கள். அந்தப் பந்து வலைக்குள் போகும்வரை அவர் வீட்டுக்குப் போகக்கூடாது. தவறவிட்ட காலோடு வீட்டுக்குப் போனால் போட்டியிலும் தவறும் என்பது நம்பிக்கை. எப்படியும் உள்ளே போயாக வேண்டிய பந்து என்பதால், காப்பாளர் தடுத்தவற்றை எண்ணும்போது கடைசிப் பந்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாசில் நின்றால் ஐந்தாறு முறை திரும்பத் திரும்ப உதைக்க நேரும். குணாளன் நின்றால் ஒரே உதையில் வீடு. சுற்றி ஆட்கள் நின்று கத்தினால் அந்த மனிதருக்குக் கை நடுங்குகிறது என்று எபிநேசர் முடிவு கட்டியிருந்தார்.

"அப்போ தீர்வு சுலபம்," என்றார் லோசனி. "அவரோட கண்ணும் காலும் வேணும், பயம் வேணாம். பதிவு எடுத்து நம்ம மூணாவது கீப்பர் புகழேந்திக்குப் போடுங்க. அவனுக்கு இருபத்திரண்டு வயசு. பயம்னா என்னன்னே தெரியாது."

*

குணாளன் வலைக்கம்பத்தில் சாய்ந்து அமர்ந்து, விரல்களுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். எபிநேசர் நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"புகழா?" என்றார் குணாளன். "நல்ல பையன். கை நீளம். சோறுதான் ஒயுங்கா துன்ன மாட்டான்."

"கோவம் இல்லியாண்ணா?"

"கோவப்பட்டா வயசு கொறையுமா? பதினேழு வருஷம் பெஞ்ச தேச்சதுல பெஞ்சுதான் தேஞ்சிச்சு. எடுத்துக்கோ." பட்டையைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்: "ஆனா எபி, ஒண்ணு. கடைசி பந்து மட்டும் அதுல வேணாம். அத்த எப்படியாவது தள்ளிட்டு எடுக்கச் சொல்லு."

"ஏன்?"

"அதுல ஒரு வெவகாரம் கீது."

எபிநேசர் சிரித்துவிட்டார். பாவம், மனிதர் தம் குறையை மறைக்கப் பார்க்கிறார் என்று எண்ணினார். "அண்ணா, அது எனுக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் உன்ன அடிச்சவன் நான். ஒரு பந்து, ஒரே ஒரு பந்து புடிச்சிருப்பியா? அந்த நம்பிக்கையிலதான் நான் மேட்ச்சுல நெஞ்ச நிமித்திகினு நின்னேன். கடைசி பந்துல நீ நடுங்குவ. புகழ் நடுங்க மாட்டான். அவ்ளோதான் வெவகாரம்."

குணாளன் அவருடைய முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தவர், பட்டைச் சுருளை எடுத்துப் பைக்குள் போட்டார்.

"சரி. உட்டுரு," என்றார்.

மாலை நான்கு ஐம்பதுக்குப் பட்டியலில் புகழேந்தியின் பெயர் ஏறியது.

*

பதிவு மூன்று நாள் நடந்தது. குணாளன் கழுத்திலிருந்து கணுக்கால்வரை மெய்யுறை அணிந்து, நான்கு தாக்காட்டக்காரர்கள் மாறிமாறி அடித்த பந்துகளுக்கு முன் நின்றார். பதினேழு ஆண்டுகளாகத் தசைகளில் தேங்கியது துளித்துளியாக உறைக்குள் இறங்கியது. நான்காம் நாள் அந்த உறையைப் புகழேந்தி அணிந்து ஆறு மணி நேரம் அசையாமல் கிடந்தான்.

எழுந்து வந்தவன் வலைக்கு முன் நின்றதும் இடக்கையுறையைக் கம்பத்தில் தேய்த்தான். வலது காலுறையை இழுத்துவிட்டான். இரண்டும் குணாளனின் சேட்டைகள். "தோ, குட்டி குணா!" என்று யாரோ கத்தினார்கள், மைதானம் சிரித்தது.

"இன்னா கோச் இது? என் கை என் பேச்ச கேக்க மாட்டுது," என்று புகழும் சிரித்தான்.

இருபது பந்து சோதனை. அவன் இடுப்பைப் பார்த்தான், பாய்ந்தான், தட்டினான். பத்தொன்பதில் பதினாறு தடுத்தான். இருபதாவதுக்கு முன் எல்லாரும் கூடி "கடைசி! கடைசி! கடைசி!" என்று கத்த, பந்து வலைக்குள் போனது, கைதட்டல் எழுந்தது, ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். லோசனி தம் குறிப்பில் 'பத்தொன்பதுக்குப் பதினாறு' என்று எழுதினார். அடுத்த பத்து நாளும் அப்படியே நடந்தது. உள்ளே போன அந்த ஒரு பந்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கால்வாய்க்கரையில் பிறந்து வளர்ந்த எவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் எபிநேசருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்தார். எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்தார். ஓரத்துப் பெஞ்சில் குணாளன் வழக்கமாக அமரும் கோடி காலியாக இருந்தது. அவர் காலையில் மட்டும் வந்து வலையைக் கட்டிவிட்டு, ஒரு சொல் பேசாமல் போய்க்கொண்டிருந்தார்.

*

ஆட்டம் ஞாயிறு பிற்பகலில் நடந்தது. கால்வாய்ப் பாலம்வரை கூட்டம். அணிக்கு ஒரு கோலுடன் சமனாகி, கூடுதல் நேரமும் முடியும் தறுவாயில் எபிநேசர் கையை உயர்த்தினார். பாசில் வெளியே வந்தான், புகழ் உள்ளே போனான்.

அணிக்கு ஐந்து பெனால்ட்டி. கால்வாய்க்கரை முதலில் உதைத்தது. ஐந்தில் இரண்டே உள்ளே போயின. நெய்தல் நகர் நான்கு உதைத்திருந்தது. புகழ் இரண்டைப் பாய்ந்து தட்டியிருந்தான். இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவதைப் புகழ் தடுத்தால் ஆட்டம் தொடரும். விட்டால் மைதானம் போகும்.

நெய்தல் நகரின் ஐந்தாவது ஆள் பந்தை நிதானமாகப் புள்ளியில் வைத்தான். பிறகு, புகழுக்குத் தெம்பு கொடுக்க எண்ணி, சொந்த ஊர்க்காரர்களே எழுந்து நின்றார்கள். சிறுவயது முதல் தாங்கள் அறிந்த முழக்கத்தை ஆயிரக்கணக்கான தொண்டைகள் எழுப்பின.

"கடைசி! கடைசி! கடைசி!"

எபிநேசர் கோட்டருகே நின்று பார்த்தார். உதைப்பவன் ஓடிவந்தான். அவன் இடுப்பு திரும்பிய அதே நொடியில் புகழின் இடது தோள் இடப்பக்கம் இறங்கியது. சரியான திசை. 'படிச்சிட்டான்!' என்று எபிநேசரின் உள்ளம் துள்ளியது. அடுத்த நொடி, எவ்விதத் தடுமாற்றமும் இல்லாமல், முழு நீளத்துக்குக் கைகளை விரித்து, பார்ப்பவர் யாரும் குறை சொல்ல முடியாத அழகுடன், புகழ் வலப்பக்கம் பாய்ந்தான்.

பந்து இடப்பக்கம் உருண்டு வலையைத் தொட்டது.

நெய்தல் நகர்க்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். முதலில் இறங்கும் தோள், பிறகு மறுபக்கம் பாயும் உடல். இதை எபிநேசர் இதற்குமுன் கண்டிருக்கிறார். பதினோரு ஆண்டுகள், மாலைதோறும், பன்னிரண்டு கெஜத் தொலைவில் நின்று கண்டிருக்கிறார். பந்து உள்ளே போன களிப்பில் அப்போது அதற்குப் பொருள் தேடத் தோன்றவில்லை.

உடைமாற்றும் அறையில் புகழ் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தான். "எனுக்குத் தெரியும் கோச். லெஃப்ட்டுதான்னு சத்தியமா தெரியும். 'கடைசி'ன்னு கத்துனாங்க பாருங்க, அதுக்கப்புறம் காலு என்னுது இல்ல. பயமே இல்ல கோச். அதான் கேவலம். ஜாலியா, ஏதோ நல்லது பண்ற மாதிரி இருந்துச்சு."

*

மறுநாள் காலை அந்த முனையில் பேருந்து வேகம் குறைந்தது. ஒலிப்பான் இருமுறை ஒலித்தது. எபிநேசர் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை. பூட்டிய தகரக் கதவைக் கழுத்து திரும்பும் மட்டும் பார்த்துக்கொண்டே போனார்.

மைதானத்தில் குணாளன் கம்பங்களிலிருந்து வலையை அவிழ்க்க முடிச்சுகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எத்தினிண்ணா?" என்றார் எபிநேசர்.

"இன்னா எத்தினி?"

"எனுக்கு நீ உட்டது."

குணாளன் முடிச்சிலிருந்து கையை எடுத்தார். "எண்ணல. நீ புச்சா வந்தப்போ மொத மூணு வாரம் உன் கடைசி பந்தெல்லாம் புடிச்சேன். ஞாபகம் கீதா? இருக்காது. இருட்டற வரைக்கும் அடிச்சிகினே இருப்ப. மேட்ச்சுல பந்து வந்தா மூஞ்சி பேயறஞ்ச மாதிரி நிப்ப. நாலாவது வாரம் பாவமேன்னு ஒண்ணு உட்டேன். அந்த ஞாயித்துக்கெயம ரெண்டு கோல் போட்ட. அப்புறம் எப்டிப் புடிக்கறது சொல்லு?"

"எல்லாருக்குமா?"

"வந்த அத்தினி பேருக்கும். ரெண்டாவது கீப்பருக்கு வேற இன்னா வேல? மேட்ச்சா ஆடப் போறேன்? ஆனா சும்மா உட்டா கண்டுபுடிச்சிடுவானுங்க. எந்தப் பக்கம் வருதுன்னு மொதல்ல கண்டுக்கணும், அப்புறம் மனசார அந்தாண்ட உழணும். அதான் கஷ்டம். புடிக்கறது ஈஸி."

"ஏண்ணா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொல்லத்தானே வந்தேன். நீ பதினோரு வருஷம்னு ஆரம்பிச்ச. உன் மூஞ்சியப் பாத்தேன். சொல்லிட்டா நாளைக்கு நீ கோச்சா பசங்க முன்னாடி நிப்பியா?"

எபிநேசருக்கு எதையாவது பேசியாக வேண்டும்போல் இருந்தது. பேருந்து வேகம் குறைக்கும் முனையைப் பற்றிக் கேட்டார்.

"அதுவா? அந்த ரூட்டு மூலவரு கன்னியப்பன் ஓட்டுன வண்டி அது. அவரு தங்கச்சி அங்க டிபன் கட போட்டிருந்துச்சு. அதுக்குக் கண்ணு தெரியாது. ஆரன் கேட்டா அண்ணன் போறாருன்னு தெரிஞ்சிக்கும். கட மூடி ஏழு வருஷமாச்சு." குணாளன் மூக்கை உறிஞ்சினார். "இன்னும் போறாங்களா அட்ச்சிகினு?"

அளப்பவர்கள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எபிநேசர் மூலையிலிருந்த சாக்கை அவிழ்த்துப் பந்துகளை உருட்டிவிட்டார். ஒன்றைப் புள்ளியில் வைத்தார்.

"நில்லுண்ணா. இப்போ உண்மையா ஆடு. உட்டுக் குடுத்த, நல்லா இருக்காது."

"கடைசியா?"

"இல்ல. இதுக்கப்புறமும் கீது."

குணாளன் இடக்கையைக் கம்பத்தில் தேய்த்தார்; உறை இல்லை, வெறுங்கை. எபிநேசர் உதைத்தார். குணாளன் இடப்பக்கம் பாய்ந்து தட்டினார். இரண்டாவதையும் தட்டினார். மூன்றாவதை இரு கைகளாலும் பிடித்துத் திருப்பி உருட்டினார். நான்காவதை எபிநேசர் இடுப்பை ஏமாற்றித் திருப்பி அடித்தார். அதையும் குணாளன் காலால் தடுத்தார். ஐந்து, ஆறு, ஏழு. நாற்பத்தொரு வயது உடல் புழுதியில் விழுந்து எழுந்துகொண்டே இருந்தது. தமக்கு அவமானமாக இருக்கும் என்று எபிநேசர் எதிர்பார்த்தார். மாறாக, இத்தனை காலமும் பெஞ்சின் கோடியில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

எட்டாவது பந்தை வைத்தபோது எபிநேசரின் வலது முழங்காலில் வலி தெறித்தது. சாலைப் பக்கம் வண்டிக் கதவு சாத்தும் ஓசை கேட்டது, அளப்பவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எபிநேசர் பந்தைச் சற்று அதிக நேரம் கையால் தடவினார். மூன்றடி பின்னால் போய், ஓடிவந்து உதைத்தார். எதிர்வெயில் கண்ணைக் குத்தியது. தோள் எந்தப் பக்கம் இறங்கியது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை.

குணாளன் முழு நீளத்துக்குப் பாய்ந்து புழுதியில் விழுந்தார். பந்து மறுபக்கம் வலைக்குள் கிடந்தது.

"ம். நல்ல அடி," என்று எழுந்து முழங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "போதும். வூட்டுக்குப் போ எபி. கால பாத்துக்கோ."

அவர் வலையின் முதல் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். எபிநேசர் புள்ளியருகிலேயே நின்றார். நெஞ்சு தானாக நிமிர்ந்திருந்தது. அதை அவர் உடனே உணர்ந்தார், ஆனால் தாழ்த்த முடியவில்லை. அது கடைசி என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.